காதல் கதைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிய குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நூலகப் பரிந்துரைக் குழுவினருக்கு,

10 முதல் 17 வயது வரையுள்ள வாசகர்களுக்காக நீங்கள் வெளியிட்டிருக்கும் புதிய பட்டியலில் காதல் கதை ஒன்றுகூட இல்லை. அதனுடன் வந்த சுற்றறிக்கை, காதலை மையமாகக் கொண்ட நூல்களை இந்த வயதினருக்கு இனிப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. யாராவது கேட்டு வந்தால் வேறு நூல்களின் பக்கம் திருப்பிவிட வேண்டுமாம். பணியாளர்களுக்கு மட்டுமல்ல, என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்கும் இது பொருந்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதின்பருவத்தினருக்கான வாசிப்பு வட்டத்தை நடத்துகிறவள் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு எல்லோருடைய பிள்ளைகளையும் பற்றியது.

இது ஒரு புகாரிலிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஓர் அம்மா, தன் 12 வயது மகள் எடுத்துவந்த புத்தகத்தில் வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள் இருப்பதைப் பார்த்து, அதைக் கையோடு கொண்டுவந்து கேள்வி கேட்டார். அவர் கோபம் முழுக்க நியாயமானது. அந்தப் புத்தகத்தை நானும் படித்தேன். அது பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. நாயகன், நாயகி இருவருமே முப்பதை நெருங்கியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். பிறகு எப்படி அது இளையோர் அலமாரிக்கு வந்தது? அட்டையைப் பார்த்துத்தான். பளிச்சென்ற வண்ணத்தில் கார்ட்டூன் போல வரைந்த இரண்டு உருவங்கள். இப்போது பெரியவர்களுக்கான காதல் நாவல்கள் பலவும் இப்படி வரைந்த அட்டையோடுதான் வருகின்றன, பதின்பருவ நாவல்களும் அப்படியே. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே பத்துப் பக்கம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த ஒரு நூலைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றி, அந்த அம்மாவிடம் வருத்தம் தெரிவித்து, இனி அலமாரியில் வைக்கும் முன் ஒருவராவது படித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்திருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியிருந்திருக்காது. நீங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். அறிவியல் கண்காட்சிக்காகச் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு 13 வயதுப் பிள்ளைகளின் கதையும் போய்விட்டது. அதில் கடைசிப் பக்கம்வரை ஒருவர் கையை ஒருவர் தொடுவதுகூட இல்லை. அந்தப் பையன் அவளிடம் தனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்குள் கதை முடிந்துவிடும். எங்கள் வட்டத்தில் கைமாறிக் கைமாறி ஓரம் நைந்துபோன பிரதி அது.

கேட்டு வருகிற பிள்ளையைத் "திருப்பிவிடுவது" நடைமுறையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? "நல்ல லவ் ஸ்டோரி ஏதாவது இருக்கா?" என்று ஒரு 13 வயதுப் பெண் பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்பது சாதாரண விஷயமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, சில நேரம் தோழிக்கென்று சொல்லி, தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு சாகசக் கதையையோ தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையோ நீட்டினால், அவள் வாங்கிக்கொண்டு போவாள். மறுபடி நம்மிடம் எதையும் கேட்க மாட்டாள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென்று 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் அமைய வேண்டும் என்பது. உங்கள் சுற்றறிக்கை இரண்டையும் ஒரே வரியில் மீறுகிறது.

நாம் கொடுக்கவில்லை என்பதால் அவர்கள் படிக்காமல் இருக்கப்போவதில்லை. போனில் படிப்பார்கள். என்ன படிக்கிறார்கள் என்று அவர்களே எனக்குக் காட்டியிருக்கிறார்கள், நானும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதைகள். பணக்காரன், முன்கோபி, எல்லோரையும் மிரட்டுகிற ஒருவன்தான் பெரும்பாலும் நாயகன். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான், அவளிடம் பேசிய இன்னொரு பையனை அடிப்பான், அவள் போனை வாங்கி யார் என்ன அனுப்பினார்கள் என்று பார்ப்பான். அவள் அழுவாள். பல அத்தியாயங்கள் கழித்து, எல்லாம் உன்மேல் இருக்கிற காதலால்தான் என்பான். அவளும் புரிந்துகொள்வாள். எந்தக் கதை எந்த வயதுக்கு என்பதைப் பல இடங்களில் எழுதுகிறவரே முடிவு செய்கிறார், படிக்கிறவரின் வயதை யாரும் சரிபார்ப்பதில்லை. இவற்றை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் பதின்பருவத்தினரே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் படித்ததைப் போலவே எழுதுகிறார்கள். வேறு மாதிரி எழுதப்பட்ட ஒன்றை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்படியான ஒரு கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நாயகன் தினமும் அவள் வீட்டு எதிரில் வந்து நிற்கிறான், மழையிலும் நிற்கிறான். பாதிப் பேருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எவ்வளவு உண்மையான காதல் என்றார்கள். ஒரு பையன் மட்டும், 15 வயது இருக்கும், அதிகம் பேசாதவன், "அவ ராத்திரி ஜன்னலைத் திறந்து பார்த்தா அவன் நிக்கிறான். அவளுக்குப் பயமா இருக்காதா?" என்று கேட்டான். பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் அவனைப் பிடிக்கும் என்று நமக்குத் தெரியுமே என்றாள் ஒருத்தி. அது படிக்கிற நமக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும் என்றாள் இன்னொருத்தி. அப்புறம் பேச்சு கதையை விட்டு வெளியே வந்தது. "பாஸ்வேர்டு கேட்டா குடுக்கணுமா, குடுக்கலைன்னா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமா?" என்று ஒரு பெண் கேட்டபோது, அவள் கதையைப் பற்றிக் கேட்கவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவள் வயதுப் பிள்ளைகளே பதில் சொன்னார்கள். கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னவர்களில், சற்று முன்பு மழையில் நின்றவனுக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள்.

கதை என்ற மறைப்பு இருந்ததால்தான் அவளால் அதைக் கேட்க முடிந்தது. இனி எங்கள் வட்டத்தில் காதல் கதையே பேசக் கூடாது என்றால், அந்தக் கேள்வியை அவள் எங்கே போய்க் கேட்பாள்?

நீங்கள் நூல்களைப் பிரித்த விதம்தான் என் அடிப்படையான குறை. கதையில் காதல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் காதல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். இது இன்று வந்த புதுச் சிந்தனை இல்லை. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பிரிக்கும்போது, இருவரும் ஒத்து நேசிப்பதை ஐந்திணைக்குள் வைத்தது. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் தனியே நிறுத்தியது. காதலுக்குரிய பருவம் வராத பெண்ணிடம் ஒருவன் காதல் பேசுவது கைக்கிளை. வரம்பு மீறிப்போகிற காமத்தின் வேகம் பெருந்திணை. காதலைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று அந்த இலக்கணம் சொல்லவில்லை, எது எந்த வகை என்று பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிப்பைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். மழையில் நின்று மிரட்டுகிறவனையும், அறிவியல் கண்காட்சிப் பையனையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

அதுவும் நீங்கள் எல்லாக் காதலையும் நீக்கிவிடவில்லை. தேவதைக் கதைத் தொகுப்புகள் உங்கள் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், நூறாண்டுத் தூக்கத்தில் இருக்கும் இளவரசிக்கு முன்பின் பார்த்திராத ஓர் இளவரசன் முத்தம் கொடுக்கிறான், உடனே திருமணம். இதை மிகச் சிறிய பிள்ளைகளுக்கே படித்துக் காட்டுகிறோம். செவ்வியல் இலக்கியம் என்ற தலைப்பில் ரோமியோ ஜூலியட் இருக்கிறது. ஜூலியட்டுக்கு 14 வயது நிறையவில்லை. சந்தித்த மறுநாள் ரகசியத் திருமணம், ஒரு வாரம் முடிவதற்குள் இருவரும் உயிரோடு இல்லை. அதை நீக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் காதலுக்காக இரண்டு பிள்ளைகள் சாகும் கதையைப் படிக்கலாம், பிடித்திருக்கிறது என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, கிடைத்த பதிலை மதித்து நடக்கும் இரண்டு பிள்ளைகளின் கதையைப் படிக்கக் கூடாது என்றால் எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இளையோர் இலக்கியம் என்று இன்று சொல்வதன் தொடக்க நூல்களில் ஒன்றாகக் கருதப்படுவதே 1942-இல் வந்த ஒரு காதல் நாவல்தான், அமெரிக்க எழுத்தாளர் மவ்ரீன் டேலி கல்லூரிக் காலத்தில் எழுதியது. முதல் காதலைப் பற்றிப் படிக்க அந்த வயதினர் விரும்புவார்கள் என்பது அன்றே தெரிந்த செய்தி. பாலியல் கல்வி குறித்து யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, எட்டு அடிப்படைக் கருத்துகளில் முதலாவதாக உறவுகளை வைத்து, அதற்குள் நட்பு, காதல் பற்றி 5 வயதிலிருந்தே அந்தந்த வயதுக்கேற்பப் பேசச் சொல்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, குழந்தைகளுக்குப் பலவகைப்பட்ட தகவல்களும் நூல்களும் கிடைக்க வேண்டும் என்கிறது. தீங்கானவற்றிலிருந்து அவர்களைக் காக்கும் வழிமுறைகளும் வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் உங்கள் வேலை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிட முடியாது.

எந்த வயதுக்கு எதைக் கொடுப்பது என்பது கடினம் என்று நீங்கள் சொல்லலாம். கடினம்தான், ஆனால் முடியாதது இல்லை. 10, 11 வயதுப் பிள்ளைகள் கேட்பது காதல் கதையே இல்லை. யாரையோ பிடித்திருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, வகுப்பில் கேலி செய்கிறார்கள், நெருங்கிய தோழி விலகிப் போகிறாள். இவ்வளவுதான். இந்த வயதுக்கு நட்பை நடுவில் வைத்து, அந்த முதல் படபடப்பை ஓரத்தில் வைத்த கதைகள் சரியாக இருக்கும். 12, 13, 14 வயதில்தான் உண்மையான தேவை தொடங்குகிறது. பேச முடியாமல் தவிப்பது, நிராகரிக்கப்படுவது, நிராகரிப்பது, மூன்றாவது ஆளாக நிற்பது, ஒரு முத்தம், அதற்கப்புறம் வரும் குழப்பம். இந்த வயதுக்கான நல்ல கதைகள்தான் குறைவு, ஆகவே தேடிப் பட்டியலிட வேண்டியதும் இங்கேதான். 15, 16, 17 வயதினருக்கு இன்னும் கனமானவற்றைக் கொடுக்கலாம். நெருக்கம், ஏமாற்றம், மோசமான உறவிலிருந்து வெளியே வருவது எல்லாம் அதில் அடங்கும். இந்த மூன்று கட்டத்தையும் ஒரே "இளையோர்" அலமாரியில் போட்டு வைத்திருந்ததும் நீங்கள்தான். 12 வயதுப் பெண்ணும் 17 வயதுப் பையனும் ஒரே அடுக்கில் தேடினார்கள், யாருக்கு எது என்று ஒரு குறிப்பும் இல்லை.

வாசிப்புத் திறனை முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு சிக்கல். ஒரு நூல் படிக்க எவ்வளவு கடினம் என்று அளக்கும் லெக்ஸைல் போன்ற அளவீடுகள் வாக்கிய நீளத்தையும் சொற்கள் எவ்வளவு அரிதானவை என்பதையும் பார்த்து எண் கொடுக்கின்றன. கதைக்குள் என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. மிக எளிய வாக்கியங்களில் எழுதப்பட்ட ஒரு நாவலில் வன்புணர்வு இருக்கலாம். வேகமாகப் படிக்கும் 10 வயதுப் பிள்ளைக்கு, "நீதான் நல்லாப் படிப்பியே" என்று பெரியவர்களின் நூலை எடுத்துக் கொடுப்பதை நம் நூலகத்திலேயே பார்த்திருக்கிறேன். தொடர் நாவல்களிலும் இதே கவனம் தேவை. முதல் பாகத்தில் 12 வயதாக இருக்கும் நாயகி ஐந்தாம் பாகத்தில் 17-ஐத் தொட்டிருப்பாள், கதையும் அவளோடு வளர்ந்திருக்கும். முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டு முழுத் தொடருக்கும் வயது குறிக்க முடியாது. படக்கதைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும், எழுத்தில் ஒரு வரியில் கடந்துபோவது அங்கே ஒரு பக்கம் நிறைய நிற்கும்.

நான் ஒரு கதையை எடுத்துப் பார்க்கும்போது சில கேள்விகளை மனதில் வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு மற்றவர் என்ன செய்கிறார்? இருவருக்கும் வயது வித்தியாசம் எவ்வளவு, ஒருவர் ஆசிரியராகவோ பயிற்சியாளராகவோ மற்றவர் மாணவராகவோ இருக்கிறார்களா? பொறாமையைக் கதை எப்படிக் காட்டுகிறது? "நீ இல்லாவிட்டால் செத்துவிடுவேன்" என்று யாராவது சொன்னால், அதைக் கதை மிரட்டலாகப் பார்க்கிறதா, அன்பாகப் பார்க்கிறதா? காதல் வந்ததும் அந்தப் பெண்ணுக்குத் தோழிகள், படிப்பு, விருப்பங்கள் எல்லாம் காணாமல் போகின்றனவா? தப்பு நடக்கும் கதையை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தப்பைத் தப்பென்று கதைக்குள் யாராவது உணர்கிறார்களா என்பதுதான் நான் பார்ப்பது. நாயகன் மோசமானவனாக இருக்கும் அருமையான கதைகள் உண்டு, அவளுடைய கண் மெதுவாகத் திறப்பதுதான் அவற்றின் உயிர். அவற்றைத் தனியே கொடுத்தனுப்பாமல் வட்டத்தில் சேர்ந்து படிக்கலாம்.

காதல் கதை படித்தால் காதலிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தையும் கேட்டிருக்கிறேன். பதின்பருவத்தில் ஒருவர்மேல் ஈர்ப்பு வருவதற்குப் புத்தகம் தேவையில்லை. வந்த பிறகு அதற்கு என்ன பெயர், எப்படி நடந்துகொள்வது, மறுக்கப்பட்டால் எப்படித் தாங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் புத்தகம் தேவைப்படுகிறது. பையன்களை இதில் மறந்துவிடாதீர்கள். காதல் கதை பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டதால், ஒரு பெண்ணின் மனம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று படிக்கும் வாய்ப்பே பல பையன்களுக்குக் கிடைப்பதில்லை. காதல் கதையில் கொஞ்சமும் ஆர்வமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். எதில் காதல் இருக்கிறது என்று குறிப்பு இருந்தால், வேண்டாதவர்கள் தாண்டிப் போகவும் அதுவே உதவும்.

பெற்றோரின் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு நூல் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. மற்ற எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதிலிருந்து வராது. தன் பிள்ளைக்கென்று முடிவு செய்யவும் அவர்களுக்குத் தகவல் வேண்டும், அதை நீங்கள்தான் தர வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. "காதலை மையமாகக் கொண்ட நூல்கள்" என்ற ஒட்டுமொத்தத் தடையைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்குங்கள். எடுத்த நூல்களில் எது எதை, எந்தக் காரணத்துக்காக எடுத்தீர்கள் என்று தனித்தனியே எழுத்தில் தாருங்கள், காரணம் இல்லாதவற்றை அலமாரிக்குத் திருப்புங்கள். இளையோர் பகுதியைக் குறைந்தது மூன்று வயதுப் பிரிவாக்குங்கள்: 10 முதல் 11, 12 முதல் 14, 15 முதல் 17. ஒவ்வொரு பிரிவிலும் நல்ல காதல் கதைகள் இருக்க வேண்டும், முதல் பிரிவில் அவை நட்பும் முதல் ஈர்ப்பும் பற்றியவையாக இருக்கட்டும். எந்த நூலையும் அட்டையையும் பதிப்பகத்தின் அறிமுக வரியையும் மட்டும் பார்த்து வைக்காமல், ஒருவராவது முழுதாகப் படித்து, அதில் நெருக்கம் எதுவரை வருகிறது, வன்முறை உண்டா, உறவு எப்படிப்பட்டது என்று நாலு வரிக் குறிப்பு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே தெரியட்டும். படிக்க ஆள் போதவில்லை என்றால் நான் வருகிறேன், வட்டத்துப் பெற்றோர் சிலரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். நூல் தேர்வுக் கூட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட வாசகர்கள் இருவருக்காவது இடம் கொடுங்கள், அவர்கள் படித்த அளவு இந்த நூல்களை நம்மில் யாரும் படித்ததில்லை. ஒரு பிள்ளை காதல் கதை கேட்டது அல்லது எடுத்தது என்ற செய்தி பணியாளர் வழியாகப் பேச்சுக்குப் பேச்சு பரவாது என்று உறுதி கொடுங்கள். வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதைகளைப் பேசலாம் என்பதை எழுத்தில் தாருங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்த மடலைப் பொருளாக எடுத்து, நானும் பிள்ளைகளும் வந்து பேச நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பதிலை அறிவிப்புப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பதின்பருவ வாசிப்பு வட்டத்தின் தன்னார்வலர்